மாதுளை முத்து யார் கையில் இருக்கிறது?

கிரேக்கப் புராணத்தைப் பெண் பக்கம் நின்று காதல் கதையாகத் திருப்பி எழுதும் நாவல்களை இங்கிலீஷில் படித்துவிட்டு, அதையே தமிழில் எழுதிப் பார்க்கிற ஆசை பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வருகிறது. நல்ல ஆசை. அநேகம் பேர் முதலில் கை வைப்பது ஹேடிஸ், பெர்செஃபோனி கதையில்தான். தானியத் தெய்வம் டிமீட்டரின் மகள் பெர்செஃபோனியைப் பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிப் போகிறான்; அங்கே மாதுளை முத்துத் தின்றதால் அவள் வருஷத்தில் ஒரு பங்கு கீழே இருந்தாக வேண்டும். பாதாள ராஜா கறுப்பு உடையில் அழகாக இருப்பான், குறைவாகப் பேசுவான், அவளிடம் மட்டும் மென்மையாக நடப்பான். அவள் முதல் அத்தியாயத்தில் முறைப்பாள், ஐந்தாவது அத்தியாயத்தில் மயங்குவாள். அவளுக்கு நீளமான வசனம் கிடைத்திருக்கும். ஆனால் முடிவெடுத்தவன் அவன், ஒத்துக்கொண்டவள் அவள் என்கிற பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

இது எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதையைத் திருப்புகிற பொருள் எது என்று பாருங்கள். பழமோ, கோப்பையோ, மாலையோ, கட்டிலோ, ஏதோ ஒன்று இருக்கும். அந்தக் கட்டத்தில் அது யார் கையில் இருக்கிறது?

பெர்செஃபோனி கதைக்கு நமக்குக் கிடைக்கிற பழைய முழு வடிவம் டிமீட்டருக்கான ஹோமரியத் துதிப்பாடல். கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டு, மொத்தம் 495 வரி. ஒரே மூச்சில் படித்துவிடலாம். எழுத உட்காருவதற்கு முன் அதைப் பென்சிலோடு படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். பெர்செஃபோனி தன் வாயால் பேசுவது ஒரே இடத்தில், முப்பது வரிக்கும் குறைவு. அதுவும் திரும்பி வந்த பிறகு, அம்மாவிடம். பூமி பிளந்து அவளைத் தூக்கிப் போனபோது அவள் அலறினாள் என்று பாடுகிறவன் சொல்கிறான். தெய்வங்களின் ராஜாவான அப்பன் ஸியூஸைக் கூப்பிட்டாள் என்பதற்கு மேல், அவள் சொன்ன வார்த்தை ஒன்றும் இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். தூதன் ஹெர்மிஸ் வந்து, பெண்ணை அனுப்பச் சொல்லி ஸியூஸின் கட்டளையைச் சொன்னதும், ஹேடிஸ் அவளிடம் நயமாகப் பேசுகிறான்: நான் உனக்குத் தகாத புருஷன் இல்லை, இங்கே நீ ராணியாக இருப்பாய். அவள் சந்தோஷத்தில் துள்ளி எழுகிறாள். ராணிப் பட்டம் கிடைத்ததற்கான துள்ளல் இல்லை அது, வீட்டுக்குப் போகிற துள்ளல். அந்த நேரத்தில்தான் அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு மாதுளை முத்தைத் தின்னக் கொடுக்கிறான். பாடலாசிரியன் சொல்லும் சொல் ‘இரகசியமாக’. அதே சம்பவத்தை அம்மாவிடம் சொல்லும்போது ‘இரகசியமாக’ என்பதோடு அவள் கூடச் சேர்க்கும் சொல் ‘வலுக்கட்டாயமாக’. நாற்பது வரி இடைவெளியில் இரண்டு சாட்சியம்!

ஒன்று, பாடலாசிரியனுக்கு முழுதும் தெரியாது. அல்லது, அவள் அம்மாவிடம் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறாள். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு நாவல் இருக்கிறது. இதைத் தொடாமல் அவனுடைய கண்ணழகைப் பத்துப் பக்கம் எழுதுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தத் துள்ளலையும் இந்த இரண்டு சொல்லையும் மறைத்துவிட்டு எழுதினால் காதல் நிற்காது. துள்ளி எழுந்தவள் பிறகு ஏன் மனம் மாறினாள் என்று காட்டினால் நிற்கும்.

எண்ணிக்கையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். துதிப்பாடலில் ஒரே முத்து. வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே. கி.பி. 8ஆம் ஆண்டு வாக்கில் ஓவிட் லத்தீனில் எழுதியதில் ஏழு முத்து. தோட்டத்தில் அவளே பறித்துத் தின்கிறாள், வருஷம் பாதி பாதியாகப் பிரிகிறது. ஓவிட்டே இன்னொரு நூலில் மூன்று என்கிறார். இணையத்தில் சுற்றும் ஆறு முத்து, ஆறு மாதம் என்பது பின்னால் வந்த வழக்கம். ஆறு என்று எழுதுவது தப்பில்லை. பழைய பாடலே ஆறு சொல்கிறது என்று முன்னுரையில் எழுதினால்தான் தப்பு. தமிழில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு: புளியமுத்து, ஆமணக்கு முத்து மாதிரி இதையும் மாதுளை முத்து என்கிறோம். விதை என்று எழுதாதீர்கள். முத்து என்றே எழுதுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

பொருள் பெண்ணின் கையில் இருக்கிற கிரேக்கக் கதையும் உண்டு. அது நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பே திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கி.பி. 200 வாக்கில் அதினேயஸ் என்கிற கிரேக்க எழுத்தாளர், அலெக்சாண்டரின் அரண்மனை அதிகாரியாக இருந்த காரிஸ் எழுதியதிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒடாட்டிஸ் என்கிற ராஜகுமாரியும் ஸாரியாட்ரிஸ் என்பவனும் கனவில் ஒருவரை ஒருவர் கண்டு காதலிக்கிறார்கள். அப்பன் விருந்து வைத்து, தங்கக் கோப்பையை மகள் கையில் கொடுத்து, யாருக்குக் கொடுக்கிறாயோ அவனுக்கே நீ மனைவி என்கிறான். காதலன் கூட்டத்தில் இல்லை. அவள் அழுதுகொண்டே மெதுவாக மதுவைக் கலக்கிக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் அவன் வேஷம் மாறி வந்து சேர்கிறான், கோப்பை அவன் கைக்குப் போகிறது. இதை லிட்டன் பிரபு 1866இல் இங்கிலீஷ் கவிதையாக எழுதினார். அதை வைத்துப் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ எழுதினார். கதை நடக்கும் இடம் மதுரையை விட்டு மாறிவந்த பாண்டியன் ஜீவகனின் நெல்லைக் கோட்டை. கனவு அப்படியே இருக்கிறது. கோப்பை மாலையாகிவிட்டது, நடுராத்திரி மணவறையில் பலதேவனுக்குப் போடவேண்டிய மாலை, சுரங்கம் வழியாக வந்து நிற்கும் புருடோத்தமன் கழுத்தில் விழுகிறது. அபிஷேகப்பட்டியில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே, கிரேக்கக் கதையெல்லாம் நம் மண்ணில் ஒட்டுமா என்று யாரும் கேட்டால் தயங்க வேண்டாம்.

ஒடாட்டிஸ் அழுதுகொண்டே கலக்கிய அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் காதல் கதைக்கு உயிர். தீர்மானம் அவள் கையில் இருக்கிறது, நேரம் ஓடுகிறது. எழுதுகிறவர் அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மூவாயிரம் சொல் சிறுகதை என்றால், ஐந்நூறு சொல்லையாவது அங்கே செலவிடுங்கள்.

டிமீட்டருக்கு வருவோம். ஒன்பது நாள் சோறு தண்ணி இல்லாமல், குளிக்காமல், இரண்டு கையிலும் தீப்பந்தத்தோடு மகளைத் தேடுகிற தாய். இங்கே நம்மிடம் ஆயத்தமாக ஒரு வடிவம் இருக்கிறது: காதலனோடு உடன்போக்கில் போன மகளைச் சுரத்தில் தேடிப் போகும் செவிலித்தாய். கலித்தொகையில் ஒன்பதாம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. வழியில் வரும் அந்தணரைச் செவிலி விசாரிக்கிறாள். அவர்கள் சொல்கிறார்கள்: சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுகிறவருக்குத்தான் பயன், மலைக்கு என்ன செய்யும்? முத்து நீரில் பிறந்தாலும் அணிகிறவருக்குத்தான், நீருக்கு என்ன செய்யும்? யாழில் பிறந்த இசையும் அப்படியே. உன் மகளும் உனக்கு அப்படித்தான். நம் ஊர்க்காரருக்கு இந்த உவமை இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. பொதிகையில் சந்தனம், கொற்கையில் முத்து. தாமிரபரணியின் தலையும் வாலும்.

துதிப்பாடலில் இதே இடத்தில் நிற்பவன் சூரியன், ஹீலியோஸ். நடந்ததை நேரில் பார்த்தவன். உண்மையைச் சொல்லிவிட்டு ஆறுதலும் சொல்கிறான்: ஹேடிஸ் உனக்கு மருமகனாகத் தகாதவன் இல்லை, உன் கூடப்பிறந்தவன், மூன்றில் ஒரு பங்கு உலகத்துக்கு ராஜா. கேட்டதும் டிமீட்டருக்குக் கோபம் இரட்டிக்கிறது. அந்தணர் வார்த்தையும் ஹீலியோஸ் வார்த்தையும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கலித்தொகை மகள் தன் காலால் நடந்து போனவள். பெர்செஃபோனியைத் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உடன்போக்குக்குச் சொல்லவேண்டிய ஆறுதலைக் கவர்ந்து போனதற்குச் சொன்னால் அது ஆறுதலே இல்லை. உங்கள் கதையில் ஹீலியோஸை ஊர்ப் பெரியவராக வையுங்கள், பெஞ்சில் உட்கார்ந்து “மாப்பிள்ளை குறைஞ்சவுகளா தாயி?” என்று கேட்கட்டும். அவரைக் கெட்டவராக ஆக்காதீர்கள். நல்லவராக இருந்துகொண்டு இதைச் சொல்லும்போதுதான் உறைக்கும்.

இங்கே உறவுமுறைச் சிக்கல் ஒன்று வரும், ஒளிக்க வேண்டாம். ஸியூஸ், ஹேடிஸ், டிமீட்டர் மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பெர்செஃபோனிக்கு அப்பா ஸியூஸ். அப்பன் வழியில் பார்த்தால் ஹேடிஸ் அவளுக்குப் பெரியப்பா, தமிழ் வாசகருக்குக் குமட்டும். அம்மா வழியில் பார்த்தால் தாய்மாமன், உரிமைக்காரன். கிரேக்கக் கதையை இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இதைக் கண்டும் காணாமல் தாண்டிவிடுவார்கள். நாம் தாண்ட வேண்டியதில்லை. “மொறை இருக்கு, பெறவு கேக்கணுமா?” என்பது நம் வீடுகளில் கேட்ட பேச்சுத்தானே. அந்த ஒரு வரியை ஸியூஸ் வாயில் வைத்தால், துதிப்பாடலின் முழுக் குற்றமும் வாசகருக்கு விளங்கிவிடும். அப்பன் சம்மதித்தான். தாயைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை.

பெயர்களில் கவனம் வேண்டும். ஹேடிஸை எமன் என்று எழுதாதீர்கள். எமன் உயிரை எடுக்கிறவன், கணக்குப் பார்க்கிறவன். ஹேடிஸ் உயிரை எடுக்கப் போவதில்லை. தீர்ப்புச் சொல்லும் வேலை மைனாஸ் போன்றவர்களுக்கு. அவன் ஒரு நாட்டை ஆள்கிறவன், அவ்வளவுதான். எமன் என்ற சொல் வந்தவுடனே எருமையும் பாசக்கயிறும் கூடவே வந்துவிடும், காதல் போய்விடும். பெர்செஃபோனிக்குக் கிரேக்கர் வைத்த இன்னொரு பெயர் கோரே. கன்னிப்பெண், மகள் என்று பொருள். நம் பக்கத்தில் “வீட்ல கொமரு இருக்கு” என்பார்களே, அதுதான். மேலே இருக்கும்வரை அவளைக் கொமரு என்றே எல்லோரும் கூப்பிடட்டும். பெர்செஃபோனி என்கிற பெயர் கீழே போய் அவளே தனக்கு எடுத்துக்கொண்டதாக வைத்தால் அழகாக விழும்.

தூக்கிப் போனதற்கு எந்தச் சொல் போடுவது? ‘கற்பழிப்பு’ வேண்டவே வேண்டாம். அது இழப்பை அவள் தலையில் ஏற்றுகிற சொல். ‘கடத்தல்’ போலீஸ் செய்தி மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது ‘பறித்தல்’. அவள் புல்வெளியில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள், அவன் அவளைப் பறித்துக்கொண்டு போனான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். தமிழில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் நீ, நீங்க, நீர். பழைய கிரேக்கத்தில் ஒருவரை முன்னிலையில் அழைக்க ஒரே சொல்தான். ராஜாவுக்கும் அடிமைக்கும் அதுவே. இங்கிலீஷிலும் இன்று அப்படியே. அதனால் அந்த நாவல்களில் யாருக்கு யார் மேல் என்பது பேச்சில் தெரியாது. தமிழில் முதல் வசனத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அவன் அவளை ‘நீ’ என்று ஆரம்பித்து அவள் அவனை ‘நீங்க’ என்று ஆரம்பித்தால், கடைசிவரை அப்படியே போய்விடக் கூடாது. எந்தப் பக்கத்தில், எதற்குப் பிறகு மாறுகிறது என்று முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பேச்சில் ‘நீர்’ என்று ஒன்று இருக்கிறது, ஆம்பிளைகள் சமமான ஆம்பிளைகளிடம் பேசுவது. அதை அவள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஹெர்மிஸ் வந்து நிற்கிறான், புறப்பாடு:

தேர் பூட்டியாயிற்று. அவன் கையில் பாதி பிளந்த மாதுளை.

“இதென்ன?”

“வழிக்கு.”

“வழிக்கா, கட்டிப்போடவா?”

அவன் பேசவில்லை.

“சொல்லும். இதத் தின்னா என்ன ஆவும்?”

“வருசத்துல மூணுல ஒரு பங்கு நீ இங்க வரணும்.”

“தின்னலேன்னா?”

“வர வேண்டாம்.”

“எங்கம்மைகிட்ட கேட்டீரா?”

“இல்ல.”

“எங்கிட்ட?”

“இப்பத்தான் கேக்கேன்.”

அவள் கை நீட்டவில்லை. “கீழ வையும்” என்றாள். தரையில் வைத்தான். ஒரு முத்து தெறித்து அவள் கால்மாட்டில் உருண்டது. குனிந்து அதை மட்டும் எடுத்து முந்தியில் முடிந்தாள். “அம்மையப் பாத்துட்டு வாரேன். திங்கணுமா வேண்டாமான்னு அங்க வச்சு நெனச்சுக்கிடுதேன்.”

இதில் அவளுக்குப் பெரிய வசனம் எதுவும் இல்லை. தின்றால் என்ன விலை என்பதைத் தின்னும் முன்பே கேட்டு வாங்கிவிட்டாள். மறுக்க வழி இருக்கிறது. பொருள் அவன் கையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து அவள் முந்திக்குப் போகிறது. இதற்குப் பிறகு அவள் அதைத் தின்றால் அது காதல். தின்னாவிட்டாலும் கதை குறையாது.

பழத்துக்கு ஏன் இத்தனை வலு என்று வாசகருக்கு விளக்கக் குறிப்பு போட வேண்டாம். ஏதென்ஸில் மணப்பெண் முதலிரவு அறைக்குள் போகும் முன் சீமைமாதுளை (இங்கிலீஷில் க்வின்ஸ், இது வேறு பழம்) தின்ன வேண்டும் என்று சோலோன் விதி வைத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். நமக்கு மாப்பிள்ளை வீட்டில் பாலும் பழமும். வாய்க்குள் போன அந்தக் கரண்டிப் பால் என்ன பொருள் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

பருவகாலத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள். பனி கொட்டுகிறது, மரம் இலை உதிர்க்கிறது என்று எழுதி, கதை நடப்பதோ அம்பாசமுத்திரம்! கிரேக்க நாட்டிலேயே கதை வைத்தால் பார்லி விதைப்பும் அறுப்பும் அவர்கள் கணக்கில் இருக்கட்டும். இங்கே கொண்டுவந்தால் பிசான அறுப்பு முடிந்து, கார் நடவுக்குத் தண்ணீர் திறக்கும் முன், கத்திரி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும் நாட்கள்தான் டிமீட்டரின் துக்கம். பாபநாசத்தில் மடை திறப்பது மகள் வருவது. பாதாளத்துக்கு முளைப்பாரி வளர்க்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாமல், நவதானியம், ஈர எரு வாசம், ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாத இடம். அந்த இருட்டு பயங்கரமான இருட்டு இல்லை. அங்கே ஒருத்தி ராணியாக இருக்கலாம் என்று நம்ப முடியும்.

அவன் பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும்: அவன் எதைக் கழற்றி வைத்தான்? வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட வேண்டுமென்றால் பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் படி என்கிறார் பெண்களின் அப்பா வாலப்பகடை. பட்டன் செய்கிறான். அந்தக் கதையைப் பெண்ணியக் கதை என்று சொல்லமாட்டேன். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் அவனை முதலில் பார்த்ததும் பயந்து ஓடுகிறார்கள், கடைசியில் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். ஆனாலும் ஆண் தன் உடம்பிலிருந்தும் தொழிலிலிருந்தும் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் கல்யாணம் என்கிற அந்தக் கட்டம் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இன்றைக்கும் நிற்கிறது. ஹேடிஸிடம் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் தலைக்கவசம் ஒன்று உண்டு. பார்க்கப்படாமல் பார்க்கிறவன் அவன். அதை அவளிடம் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு நிற்கட்டும்.

எல்லாக் கதையும் காதலுக்கு ஆகாது. டாஃப்னி அப்பல்லோவிடமிருந்து ஓடி ஓடி, அப்பனாகிய ஆற்றைக் கூப்பிட்டு மரமாகிவிட்டாள். அவள் பதில் அது. அதைக் காதலாக்கினால் அவள் ஓடியது வீண். மெதூசாவுக்குப் பழைய கிரேக்கக் கவி ஹீசியடில் கடல் தெய்வம் போசைடனோடு புல்வெளியும் பூவும், ஓவிட்டில் கோயிலுக்குள் வன்கொடுமை; எதை எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். மாறாக, ஒடிசியஸின் மனைவி பெனலோபி ஆயத்தமாகவே இருக்கிறாள். இருபது வருஷம் கழித்து வந்தவனைக் கட்டிப்பிடிக்காமல், கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள். ஒலிவ மரத்தை வேரோடு காலாக வைத்து அவனே செய்த கட்டில், நகராது. அவன் பதறுகிற பதற்றத்தில்தான் அவன் என்று அறிகிறாள். சோதிக்கிறவள் அவள். ஆனால் அதற்கு முந்தைய காண்டத்தில் பன்னிரண்டு வேலைக்காரப் பெண்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிலை எழுதிவிட்டுக் கயிற்றை விட்டால் அது வீட்டுக்காரியின் கதை மட்டும்தான். காதல் தேவனைக் கட்டிய சைக்கியின் கதையும் நல்ல கதை. கோதுமை, பார்லி, தினை, கசகசா, கடலை, பயறு எல்லாம் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்லும் மாமியார். எறும்புகள் உதவிக்கு வருகின்றன. சுளகு பிடித்துப் புடைக்கத் தெரிந்த யாரும் அந்தக் காட்சியை இங்கிலீஷ்காரரைவிட நன்றாக எழுதலாம். கசகசா எந்தப் பக்கம் ஒதுங்கும், கடலை எந்தப் பக்கம் உருளும் என்று எழுதுங்கள்.

கடைசியாக ஓர் இடம். துதிப்பாடலின் பிரதி 1777இல் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்டது, இப்போது லெய்டனில் இருக்கிறது. அதில் தாயும் மகளும் சந்திக்கிற பக்கம் கிழிந்திருக்கிறது. வரிகளின் பாதிதான் மிச்சம். மிச்சத்தில் தெரிவது, கட்டிப்பிடித்த கையோடு டிமீட்டர் கேட்கும் கேள்வி. கீழே ஏதாவது சாப்பிட்டாயா?

நம் அம்மாமார் வாசலில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “சாப்ட்டியாளா?” உங்கள் கதையில் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எதையும் நிரப்பாதீர்கள். அவள் விரல் முந்தி முடிச்சைத் தொடட்டும். பதிலை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள்.